முந்தி வந்தாலும் அபராதம்

திருவள்ளூர் மாவட்டத்தின் ஆர்.கே.பேட்டையில் பெட்ரோல் போட்டுக்கொண்டு கிளம்புகிறவருக்கு மூன்று பக்கமும் நீண்ட சாலைகள் உண்டு. வடக்கே பள்ளிப்பட்டைத் தாண்டினால் பெயர்ப்பலகைகள் தெலுங்குக்கு மாறிவிடும். தெற்கே சோளிங்கர் வழியாக வாலாஜா பக்கம் இறங்கினால் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை. கிழக்கே திருத்தணி போய்விட்டால் நகரி, புத்தூர், ரேணிகுண்டா என்று திருப்பதிச் சாலை. 1960 ஏப்ரல் 1 வரை இந்த வட்டாரமே சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. எல்லைக்கோடு பிறகு வந்தது. சாலைகள் அதற்கு முன்பே இருந்தன. இரண்டு மாநிலங்களையும் தொட்டு ஒரு வட்டமடித்துத் திரும்பும் நெடுந்தூர மோட்டார்சைக்கிள் ராலிக்கு இதைவிடத் தோதான இடம் வடதமிழ்நாட்டில் அதிகமில்லை.

அப்படியொரு ராலிக்குத் தயாராவது எப்படி என்று கேட்டால் வருகிற பதில்கள் பெரும்பாலும் கடையில் வாங்குகிற சாமான்களாகவே இருக்கின்றன. கூடுதல் விளக்கு, பக்கவாட்டுப் பெட்டி, முழங்கால் கவசம், கைப்பேசியை மாட்டும் கொக்கி. எல்லாம் வேண்டியவைதான். ஆனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்தப் போட்டி எதை அளக்கிறது? வேகத்தையா, தூரத்தையா, சொன்ன நேரத்துக்குச் சொன்ன இடத்தில் இருப்பதையா? ராலி என்ற ஒரே பெயரில் இந்த மூன்றும் ஓடுகின்றன. ஒன்றுக்குச் செய்யும் தயாரிப்பு இன்னொன்றில் கெடுதலாகவே முடியும்.

தூரத்தை அளப்பதில் உலகப் புகழ் பெற்றது அமெரிக்காவின் அயர்ன் பட் சங்கம். அதன் நுழைவுத் தேர்வு மாதிரியான சவாரிக்கு சேடில்சோர் 1000 என்று பெயர்: 24 மணி நேரத்துக்குள் 1,000 மைல், அதாவது 1,609 கிலோமீட்டர். தொடக்கத்திலிருந்து முடிவு வரை வழியெல்லாம் நேரம் அச்சிட்ட பெட்ரோல் ரசீதுகள், பிறகு சான்றிதழ். இந்தியாவிலும் தங்க நாற்கரச் சாலைகள் வந்தபின் இந்தச் சான்றிதழ் மேல் ஆசைப்பட்டவர்கள் ஏராளம். சென்னையிலிருந்து பெங்களூரு தாண்டி ஹூப்ளி வரை போய்த் திரும்பினாலே தூரம் பெருமளவு முடிந்துவிடும் என்று வரைபடம் சொல்லும்.

வரைபடம் சொல்லாத கணக்கு ஒன்று இருக்கிறது. 2018 இல் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கைப்படி நடுவில் தடுப்புள்ள நான்கு வழிச் சாலையில் மோட்டார்சைக்கிளுக்கு உச்ச வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர். ஒரு நொடியும் குறையாமல் அந்த 80 இலேயே ஓட்டினாலும் 1,609 கிலோமீட்டருக்கு 20 மணி 7 நிமிடம் பிடிக்கும். மிச்சம் நான்கு மணி நேரத்துக்கும் குறைவு. அதற்குள்தான் ஆறேழு முறை பெட்ரோல், இரண்டு வேளைச் சாப்பாடு, கழிப்பறை, சுங்கச்சாவடி நெரிசல், ஊருக்குள் வேகத்தடை, குறுக்கே வரும் மாடு எல்லாம் அடங்க வேண்டும். நம் சாலையில் எவராலும் 80 ஐ விடாமல் பிடித்துக்கொண்டு போக முடியாது. ஆகவே சான்றிதழ் வாங்கியவர் ஒன்று சட்டத்தை மீறியிருக்கிறார், அல்லது தூங்கவே இல்லை, பெரும்பாலும் இரண்டுமே. அமெரிக்க நெடுஞ்சாலையில் மணிக்கு 70 மைல் அனுமதி உண்டு. அங்கே இதே தூரம் பதினான்கரை மணி நேரத்தில் முடியும். ஐந்து மணி நேரம் தூங்கினாலும் கையில் நேரம் மிஞ்சும். இலக்கு மட்டும் கப்பலேறி இங்கே வந்தது, அதைச் சாத்தியமாக்கிய சாலை வரவில்லை.

தூக்கத்தைப் பற்றி நம் ஓட்டிகளிடம் ஒரு வீம்பு இருக்கிறது. இரவு முழுக்க ஓட்டியதைப் பெருமையாகச் சொல்வார்கள். 1997 இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் நேச்சர் இதழில் வெளியிட்ட சோதனை முடிவை அவர்களிடம் காட்ட வேண்டும். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கையும் கண்ணும் சேர்ந்து இயங்கும் திறன், ரத்தத்தில் 0.05 சதவீத மது இருப்பவரின் அளவுக்குக் குறைந்துவிடுகிறது. நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் வரம்பு 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 30 மில்லிகிராம், அதாவது 0.03 சதவீதம். காலை ஐந்துக்கு எழுந்து கிளம்பியவர் இரவு பத்து மணிக்கு, ஒரு சொட்டும் குடிக்காமலே, குடித்தவர் கணக்கில் சேர்ந்துவிடுகிறார். அவரை நிறுத்தி ஊதச் சொல்லிப் பார்க்க எந்தக் கருவியும் கிடையாது. அதற்குப் பிறகு, விடியற்காலை இரண்டிலிருந்து ஐந்து வரை, உடம்பு தானாகவே தூக்கத்துக்குள் இழுக்கும் நேரம் வேறு பாக்கியிருக்கிறது.

அயர்ன் பட் சங்கத்தையே குறை சொல்லி முடித்துவிட முடியாது. இரண்டாண்டுக்கு ஒருமுறை பதினோரு நாள் நடக்கும் அவர்களுடைய பெரிய ராலியில் ஓய்வெடுத்ததற்கே தனி மதிப்பெண் உண்டு. படுத்ததற்கும் எழுந்ததற்கும் ரசீது காட்ட வேண்டும். நெடுநாள் அனுபவத்தில் அவர்கள் அடைந்த ஞானம் அது. நம்மவர்கள் எடுத்துக்கொண்டது தூரத்தை மட்டும்.

நேரத்தை அளக்கும் ராலி வேறு சாதி. இந்தியாவில் அதை டிஎஸ்டி என்பார்கள்: நேரம், வேகம், தூரம். அமைப்பாளர்கள் பாதையைப் பகுதி பகுதியாகப் பிரித்து ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு சராசரி வேகம் குறித்துவிடுவார்கள். 42 கிலோமீட்டர் பகுதிக்கு மணிக்கு 36 என்று கொடுத்தால் சரியாக 70 நிமிடத்தில் அடுத்த செக்பாயிண்டில் நிற்க வேண்டும். ஒரு நிமிடம் பிந்தினால் ஒரு புள்ளி அபராதம் என்றால், ஒரு நிமிடம் முந்தினால் பல போட்டிகளில் இரண்டு புள்ளி. செக்பாயிண்ட் எங்கே ஒளிந்திருக்கிறது என்று முன்கூட்டித் தெரியாது. அதனால் முதலில் விரட்டிவிட்டுக் கடைசியில் டீக்கடையில் உட்கார்ந்து நேரத்தைச் சரிக்கட்டும் தந்திரமும் பலிக்காது. வழிநெடுகக் கணக்கோடு ஒட்டியே போக வேண்டும்.

இதற்கான தயாரிப்பு மெக்கானிக் கடையில் பாதி, நோட்டுப் புத்தகத்தில் பாதி. ஓடோமீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அது நூற்றுக்கு மூன்று கூடுதலாகக் காட்டும் வண்டி என்று வைத்துக்கொண்டால் அந்த 42 கிலோமீட்டரில் ஒன்றேகால் கிலோமீட்டர் பிசகும். மணிக்கு 36 வேகத்தில் அது இரண்டு நிமிடத்துக்கு மேல். தேய்ந்த டயர், மாற்றிப்போட்ட அளவு, குறைந்த காற்று எல்லாமே இந்தப் பிசகை ஏற்றி இறக்கும். ஆகவே போட்டிக்கு முன் கிலோமீட்டர் கல் நட்ட சாலையில் பத்து, இருபது கிலோமீட்டர் ஓட்டித் தன் வண்டியின் பிசகு எவ்வளவு என்று குறித்துக்கொள்வது முதல் வேலை. போட்டிக்குப் போடப்போகிற டயரோடு, ஏற்றப்போகிற சுமையோடு இதைச் செய்ய வேண்டும். பிறகு டயரை மாற்றினால் கணக்கும் போயிற்று.

இரண்டாவது, பாதைக் குறிப்பைப் படிப்பது. ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு சின்னப் படம்: கீழே ஒரு புள்ளி, அதிலிருந்து போக வேண்டிய திசைக்கு ஓர் அம்பு. நெதர்லாந்தின் துலிப் ராலியில் பழக்கத்துக்கு வந்ததால் உலகம் முழுக்க அதற்குத் துலிப் என்றே பெயர். காரில் போகிறவருக்கு அருகில் வழிகாட்டி உட்கார்ந்து படித்துச் சொல்வார். மோட்டார்சைக்கிள்காரர் தானே ஓட்டி, தானே படித்து, தானே கூட்டிக் கழிக்க வேண்டும். எரிபொருள் தொட்டியின் மேல் பையில் தாளை வைத்துக்கொண்டு, கண்ணைச் சாலையிலிருந்து ஒரு கணத்துக்கு மேல் எடுக்காமல் படித்துவிடும் பழக்கம் உள்ளூர்ச் சாலையிலேயே வர வேண்டும். கையால் எழுதிய குறிப்பு பெரிய எழுத்தில் இருக்கட்டும். ஒவ்வொரு ஐந்து கிலோமீட்டருக்கும் என்ன மணி காட்ட வேண்டும் என்ற அட்டவணையை முன்தினமே எழுதி ஒட்டிக்கொள்பவர், வழியில் மனக்கணக்குப் போடுகிறவரைவிடப் பத்திரமாக ஓட்டுகிறார்.

இந்த விளையாட்டு நமக்குப் புதிதில்லை. இதே திருவள்ளூர் மாவட்டத்தின் சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில்தான் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல ஆண்டுகள் பந்தயம் நடத்தியது. கிளப் தொடங்கியது 1953 இல். பிறகு பந்தயம் இருங்காட்டுக்கோட்டைக்குப் போனது. நாடு முழுக்க இந்தப் போட்டிகளை நெறிப்படுத்தும் கூட்டமைப்பு 1971 இல் உருவாகிச் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டது. 1980 முதல் 1990 வரை நடந்த ஹிமாலயன் ராலி, 1999 இல் தொடங்கிய ரெய்ட் டி ஹிமாலயா இரண்டும் வடக்கே நடந்தாலும் தெற்கத்தி ஓட்டிகளை ஈர்த்தன. ரெய்டில் வேகப் பிரிவோடு நேரக் கணக்குப் பிரிவும் இருந்தது. புதியவர்களுக்கு வாசல் பின்னதுதான்.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். நம் பொதுச்சாலைக்குப் பொருந்துவது முந்தி வருகிறவனைத் தண்டிக்கும் ராலி மட்டும்தான். 2022 இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்று அரசின் அறிக்கை சொல்கிறது. அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். இந்தச் சாலையில் போய் இன்னும் வேகமாக ஓட்டுகிறவனுக்குக் கோப்பை கொடுப்பதை எந்த வீரமும் நியாயப்படுத்தாது. மூடிய பாதையில்கூட ஆபத்து தீரவில்லை. 2019 இல் ராஜஸ்தானில் தேசிய ராலியின்போது போட்டிப் பாதைக்குள் மோட்டார்சைக்கிளில் வந்துவிட்ட ஒரு குடும்பத்தின் மூவர் மோதலில் இறந்தார்கள். கிராமத்து ஆளுக்குத் தன் ஊர்ச் சாலை அன்று மட்டும் தனக்கில்லை என்பது எப்படிப் புரியும்?

நேர வரம்புக்கு இன்னொரு நல்ல மாதிரி சைக்கிள்காரர்களிடம் இருக்கிறது. பிரான்ஸில் பிறந்து இப்போது சென்னையிலும் நடக்கும் பிரெவே சவாரிகளில் 200 கிலோமீட்டருக்குப் பதிமூன்றரை மணி, 300 க்கு 20, 400 க்கு 27, 600 க்கு 40 மணி நேரம். ஒவ்வொரு செக்பாயிண்டுக்கும் மூடும் நேரம் இருப்பதுபோலவே திறக்கும் நேரமும் உண்டு. சீக்கிரம் வந்தவர் வெளியே காத்திருக்க வேண்டியதுதான். முதலிடம் என்று ஒன்றே கிடையாது. முடித்தவர், முடிக்காதவர் அவ்வளவே. மோட்டார்சைக்கிள் மன்றங்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

சரி, நம் வட்டாரத்துக்கு வருவோம். ஆர்.கே.பேட்டையைச் சுற்றி 600 கிலோமீட்டர் பாதை போடுகிறவரோ ஓடுகிறவரோ கையில் வைத்திருக்க வேண்டியது பஞ்சாங்கம். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணிச் சாலை முழுக்கக் காவடிகள், வண்டியைத் திருப்பிவிடுவார்கள். டிசம்பர் 31 இரவு அங்கே படித்திருவிழா. புரட்டாசியில் திருப்பதிக்கு நடந்து போகிறவர்கள் வெயிலுக்குப் பயந்து இரவில்தான் நடப்பார்கள், அதுவும் சாலையின் ஓரக்கோட்டின் மேல், முதுகில் எந்த ஒளிரும் பட்டையும் இல்லாமல். அரவைக் காலத்தில் திருவாலங்காடு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர் டிரெய்லர்களில் பலவற்றுக்குப் பின்விளக்கு இருக்காது. கரும்புத் தோகை பக்கவாட்டில் ஓர் ஆள் அகலத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கும். சித்தூர் பக்கம் கோடையின் கடைசியில் மாங்கூழ் ஆலைகளின் வாசலில் டிராக்டர்கள் வரிசைகட்டி நிற்கும். அறுவடை முடிந்தால் சாலையின் பாதியில் தானியம் காயும், அதன் ஓரத்தில் கல் அடுக்கியிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் ஆந்திரத்தின் கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்தால் கொசஸ்தலை ஆற்றில் பள்ளிப்பட்டு வட்டாரத் தரைப்பாலங்கள் மூழ்கிவிடும். சுற்றிக்கொண்டு போக வேண்டிய தூரம் எந்த அட்டவணையையும் கவிழ்த்துவிடும்.

ஆகையால் இரவுப் பகுதிகளை நான்கு வழிச்சாலையிலும் பகல் பகுதிகளைக் கிராமச் சாலையிலும் வைப்பதே புத்தி. அதற்கும் ஒரு தடை வருகிறது. புதிய அதிவிரைவுச் சாலைகளில் மோட்டார்சைக்கிளை விடுவதில்லை என்ற போக்கு வலுத்துவருகிறது. பெங்களூரு–மைசூரு விரைவுச்சாலையின் முதன்மைத் தடத்தில் 2023 ஆகஸ்ட் முதல் இருசக்கர வாகனங்களுக்குத் தடை. பழைய வரைபடத்தை நம்பிப் போட்ட திட்டம் நுழைவாயிலிலேயே திரும்பிவிடும்.

வண்டியைப் பற்றியும் சொல்லாமல் தீராது. சென்னைத் திருவொற்றியூரில் 1955 முதல் புல்லட் செய்த மண் இது. பக்கத்து அரக்கோணத்தில் எம்.ஆர்.எஃப் டயர் ஆலை. ஆனாலும் எந்த வண்டி என்ற கேள்விக்கு என் பதில், ஏற்கெனவே உங்களிடம் இருக்கிற வண்டி. நேரக் கணக்கு ராலிக்கு 100 சிசி வண்டியும் போதும். ஸ்ப்ளெண்டரின் தொட்டி பத்து லிட்டருக்குச் சற்றுக் குறைவு; லிட்டருக்கு அறுபது கொடுத்தால் ஒருமுறை நிரப்பி முக்கால்வாசி நாளை ஓட்டிவிடலாம். பெரிய வண்டிக்காரர்களின் பெட்ரோல் கவலை ஸ்ப்ளெண்டர்காரருக்கு இல்லை.

மெக்கானிக்குகள் சொல்லும் ஒரு புத்திமதியைப் பலரும் மீறுகிறார்கள்: போட்டிக்கு முந்தின நாள் சர்வீஸ் விடாதே. கழற்றி மாட்டிய எந்தப் பகுதியிலும் ஒரு நட் தளர்ந்திருக்கலாம், ஒரு வாஷர் விட்டுப்போயிருக்கலாம். இரண்டு வாரம் முன்பே முடித்துவிட்டு முந்நூறு, நானூறு கிலோமீட்டர் ஓட்டினால் கோளாறு வீட்டுப் பக்கத்திலேயே தலைகாட்டும். புது டயர், புது செயின், புது பிரேக் பேடு எல்லாவற்றுக்கும் இதுவே விதி. புது ஹெல்மெட்டுக்கும்; நெற்றியில் அழுத்தும் ஹெல்மெட்டின் கொடுமை நான்காம் மணி நேரத்தில்தான் தெரியும். கிளட்ச் கேபிள் அறுந்தால் மாற்றுவதற்காகப் புதிய கேபிளைப் பழையதின் கூடவே ஓடவிட்டுக் கட்டிவைக்கும் பழைய வழக்கம் இன்றும் பயனுள்ளது. நடு வழியில் இரண்டு முனையை மாற்றினால் முடிந்தது. ஸ்போக் சக்கரம் என்றால் மாற்று டியூப் அவசியம். பஞ்சர் கடைகள் பகலில் ஊருக்கு ஊர் உண்டு, இரவில் லாரிகள் நிற்கிற இடத்தில் மட்டும்.

கைப்பேசியைக் கைப்பிடியில் இறுக்கி மாட்டுபவர்களுக்கு: அதிக அதிர்வுள்ள மோட்டார்சைக்கிள் எஞ்சின் தன் கைப்பேசியின் கேமராவைக் கெடுக்கக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே 2021 இல் எச்சரித்தது. அதிர்வைத் தாங்கும் ரப்பர் மாட்டி வேண்டும், அல்லது மலிவான பழைய கைப்பேசி ஒன்று.

உடம்புக்கு வெயில்தான் பெரிய எதிரி. கோடையில் மாநிலத்தின் மிக வெப்பமான ஊர்களின் பட்டியலில் திருத்தணியின் பெயர் அடிக்கடி வரும். காற்றின் வெப்பம் தோலின் வெப்பத்தைத் தாண்டிவிட்டால், வண்டி வேகத்தில் அடிக்கும் காற்று குளிர்விப்பதை விட்டுச் சுடவைக்கும். அப்போது சட்டைப் பொத்தானைத் திறந்துவிடுவது தவறான வைத்தியம். உடம்பை மூடி, உள்ளே ஈரத்துணியோ நனைத்த பனியனோ போட்டுக்கொண்டு, அது மெல்ல உலரும்படி ஓட்டுவதே சரி. தண்ணீரோடு உப்பும் போக வேண்டும். நீர்மோரைவிட நல்லது இந்த வழியில் இல்லை. மதியச் சாப்பாட்டை முழுச் சாப்பாடாகச் சாப்பிட்டவர் இரண்டு மணிக்குத் தூக்கத்தோடு போராடுவார். இட்லி, வாழைப்பழம், கடலை மிட்டாய் என்று சிறிது சிறிதாகப் பல முறை. தூக்கம் கண்ணைச் சுழற்றினால் ஒரு காபியைக் குடித்துவிட்டு உடனே பதினைந்து நிமிடம் படுத்துவிட வேண்டும். காபி வேலை செய்யத் தொடங்குவதற்கும் எழுவதற்கும் சரியாக இருக்கும். இங்கிலாந்து ஆய்வாளர்கள் 1997 இல் சோதித்துச் சொன்னது இது. காபி மட்டும் என்பதைவிட இரண்டும் சேர்ந்தது நன்றாகப் பலித்தது.

சான்றுத் தாள்கள் சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் பலருடைய சவாரி நிராகரிக்கப்படுவது அதில்தான். தேசிய நெடுஞ்சாலையில் இருசக்கர வாகனத்துக்குச் சுங்கம் இல்லாததால் சுங்க ரசீது என்ற சாட்சி நமக்குக் கிடையாது. பெட்ரோல் ரசீதுதான் கதி. நம் பங்க்குகளில் பல இடத்தில் கேட்டால்தான் பில் வரும், வந்தாலும் கடிகாரம் தவறியிருக்கும், தாளின் மை வெயிலில் வெளுத்துவிடும். வாங்கிய உடனே நேரத்தைச் சரிபார்த்து, ஓடோமீட்டரோடு சேர்த்துப் படம் எடுத்துக்கொண்டு, கைப்பேசியில் பணம் செலுத்தினால் அந்தக் குறுஞ்செய்தியையும் வைத்திருப்பது நல்லது. எல்லையோர ஆட்களுக்கு இதில் இன்னொரு பழக்கம் உண்டு: ஆந்திரத்தில் பெட்ரோல் விலை பல ஆண்டுகளாகவே கூடுதல் என்பதால் இந்தப் பக்கமே தொட்டியை நிரப்பிவிடுவார்கள். செக்பாயிண்ட் அந்தப் பக்கம் இருந்தால் அங்கேயும் நூறு ரூபாய்க்குப் போட்டு ரசீது வாங்கியாக வேண்டும்.

அமைப்பாளர்களுக்குச் சட்டம் ஒன்று காத்திருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 189 ஆம் பிரிவு, அரசின் எழுத்து அனுமதியில்லாமல் பொது இடத்தில் பந்தயமோ வேகச் சோதனையோ நடத்தினால் சிறையோ அபராதமோ இரண்டுமோ என்கிறது. 2019 திருத்தத்தில் அபராதம் 500 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. பாதை இரண்டு மாநிலத்தில் போனால் அனுமதியும் இரண்டு இடத்தில். நண்பர்கள் சேர்ந்து நடத்துகிற சவாரிதானே என்று இதைக் கடந்துபோகிறவர்கள், விபத்து நடந்த பிறகு காப்பீட்டு நிறுவனம் கேட்கும் முதல் கேள்விக்குப் பதில் வைத்திருப்பதில்லை. போட்டிக்குப் பயன்படுத்திய வண்டிக்கு வழக்கமான பாலிசி இழப்பீடு தராது.

உச்சியில் இருப்பவர்களைப் பார்த்தாலும் கதை மாறவில்லை. 2015 இல் டக்கார் என்ற நெடுந்தூர வேக ராலியை முடித்த முதல் இந்தியர் சி.எஸ். சந்தோஷ், 2021 இல் அதே போட்டியில் விழுந்து நினைவிழந்து மீண்டவரும் அவர்தான். 2024 இல் அதன் ராலி 2 பிரிவை வென்ற ஹரித் நோவா கேரளத்துக்காரர். அந்த வேகப் போட்டியிலேயே காற்றுப்பை கொண்ட மேல்சட்டையை மோட்டார்சைக்கிள்காரர்களுக்கு 2021 முதல் கட்டாயமாக்கினார்கள், எரிபொருள் நிரப்பும் இடத்தில் கட்டாய ஓய்வும் வைத்திருக்கிறார்கள். ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டத் தெரிந்தவனையும் கையைப் பிடித்து உட்காரவைக்கிறது அந்த விதி.

எந்த விதியும் உட்காரவைக்காத ஒரு பகுதி மிச்சமிருக்கிறது: முடிவுக்கோட்டிலிருந்து வீடு வரை. பதக்கம் வாங்கியதும் பரபரப்பு வடிந்துவிடும், உடம்பு கணக்குக் கேட்கத் தொடங்கும், மறுநாள் வேலைக்குப் போக வேண்டும் என்று வண்டியை எடுப்பார்கள். அட்டவணை தயாரிக்கும்போதே கடைசி வரியில் முடியும் ஊரில் ஒரு அறை, எட்டு மணி நேரம் என்று எழுதி, அதற்கும் சேர்த்துப் பணம் ஒதுக்க வேண்டும். அமைப்பாளர் நல்லவராக இருந்தால் நுழைவுக் கட்டணத்திலேயே அந்த அறையைச் சேர்த்துவிட்டு, ஓட்டி தூங்கி எழுந்து வந்து கேட்ட பிறகுதான் சான்றிதழைக் கொடுப்பார்.